பழம்பொருளும் மனச்சான்றும்

கிள்ளானைச் சூழ்ந்திருந்த தோட்டங்கள் பல இன்று இல்லை. ரப்பர் மரங்கள் நின்ற நிலத்தில் வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்பேட்டைகளும் எழுந்துவிட்டன. லயத்து வீடுகளில் மூன்று தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்தன. குடிபெயர்ந்த நாள்களில் வீட்டுக்கு வீடு ஒரு காட்சி நிகழ்ந்தது. சாமான்கள் எல்லாம் லோரியில் ஏறிய பின்னர், வாசலோரம் ஒரு தகரப்பெட்டி எஞ்சி நிற்கும். அதன் மூடி துருவேறியிருக்கும், தாழ் உடைந்திருக்கும், மேலே வெள்ளை வண்ணத்தில் எழுதிய பெயர் பாதி அழிந்திருக்கும். புதிய வீட்டில் இதற்கு இடமில்லை என்பார் ஒருவர். தாத்தா ஊரிலிருந்து கொண்டுவந்த பெட்டி என்பார் மற்றொருவர். பழைய இரும்பு வாங்கும் வணிகரோ அதைக் கையால் தூக்கிப் பார்த்து, எடைக்கேற்ப ஒரு விலை சொல்வார்.

அந்தச் சில நொடிகளில் ஒரே பெட்டிக்கு மூன்று மதிப்புகள் சொல்லப்பட்டுவிடுகின்றன. ஒருவருக்கு அது இடத்தை அடைக்கும் சுமை. ஒருவருக்கு அது பாட்டன் விட்டுச்சென்ற நினைவு. ஒருவருக்கு அது எடையுள்ள உலோகம். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆயினும் அந்தப் பெட்டி எங்கே செய்யப்பட்டது, எந்தக் கப்பலில் வந்தது, எவர் கைகளைக் கடந்தது என்னும் வினாக்களை மூவரில் ஒருவரும் எழுப்பவில்லை. பொருள் இருக்கிறது, அதன் வரலாறு கேட்பாரற்றுக் கிடக்கிறது.

இங்கே ஓர் அறவினா எழுகின்றது. பழம்பொருள் ஒன்றைக் கையில் வைத்திருப்பவனுக்கு அதன் வரலாற்றை அறியும் கடமை உண்டா? உண்டெனில், அறிய முற்படும்போது அவன் மீறக்கூடாத எல்லை யாது? முதல் வினாவுக்கு ஆம் என்று விடை கூறுவோர் பலர். இரண்டாம் வினாவை எண்ணிப் பார்ப்போர் மிகச் சிலரே. ஆனால் இரண்டாம் வினாவிலேதான் மனச்சான்றின் சோதனை அடங்கியிருக்கிறது.

இரு பிழைகள்

பழம்பொருளுக்கு மனிதன் இழைக்கும் பிழைகள் இரண்டு. அறியாமல் எறிந்துவிடுதல் ஒன்று. அறிந்ததாக எண்ணிக்கொண்டு, தான் விரும்பும் வரலாற்றை அதன்மேல் ஏற்றிவிடுதல் மற்றொன்று.

முதற்பிழை எல்லார் கண்ணுக்கும் தெரியும். கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில், நூற்றாண்டுகள் பல கண்ட வழிபாட்டுக் கட்டடம் ஒன்றின் எச்சம் நில மேம்பாட்டுப் பணியின்போது இடிக்கப்பட்ட செய்தி 2013ஆம் ஆண்டு வெளிவந்தபோது, நாடெங்கும் வருத்தம் எழுந்தது. இடிந்தது இடிந்ததே என்பதால் அந்த இழப்பைக் கண்டு வருந்துதல் எளிது.

இரண்டாம் பிழை அத்துணை எளிதில் தெரிவதில்லை. அது அன்பின் ஆடையை உடுத்திக்கொண்டு வருகின்றது. குலப்பெருமை, மொழிப்பற்று, முன்னோர்மேல் மதிப்பு ஆகிய நல்ல பெயர்களைச் சூடிக்கொண்டு வருகின்றது. பொருளை எறிந்தவன் அதன் உடலை அழிக்கிறான். பொய்யான வரலாற்றை ஏற்றியவனோ உடலை வைத்துக்கொண்டு அதன் குரலை அடைத்துவிடுகிறான். வாய் இருந்தும் அதைப் பேசவிடாமல், அதன் பெயரால் தானே பேசுகிறான். ஊமையின் பெயரால் பொய்ச்சாட்சி சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு என்ன?

மூன்று அளவைகள்

பிழை நேராமல் அறிவதற்கு வழி உண்டா? தமிழ் மெய்ப்பொருளியல் அதற்கு ஒரு கருவியை நெடுங்காலமாகவே வைத்திருக்கிறது. காண்டல், கருதல், உரை என்னும் மூன்று அளவைகளே அக்கருவி. புலன்களால் நேரே அறிவது காண்டல். கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். புகையைக் கண்டவன் நெருப்பு உண்டெனத் துணிவது போன்றது அது. நம்பத்தக்கோர் சொல்லக் கேட்டு அறிவது உரை. இம்மூன்றும் இறைவனையும் உயிரையும் பற்றிய ஆராய்ச்சிக்கே உரியவை என்று எண்ணுவோர் உளர். ஒரு தகரப்பெட்டியை அறிவதற்கும் இவையே போதும். இவை தவிர வேறு வழியும் இல்லை.

இவ்வளவைகளைக் கையாள்வதில் ஓர் ஒழுக்கம் வேண்டும். கருதியதைக் கண்டதாகக் கூறுதல் ஆகாது. கேட்டதைக் கருதியதாகக் கூறுதலும் ஆகாது. எந்தச் செய்தி எந்த வாயில்வழி வந்தது என்பதை இறுதிவரை மறவாமல் வைத்திருப்பவனே மெய்யறிவாளன். வரலாற்று நேர்மை என்று இன்று பேசப்படுவதன் சாரம் இவ்வளவே.

அலைமேல் சென்ற பலகை

உலகின் வேறொரு மூலையிலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் கொள்ளலாம். கடலலையின்மேல் நின்று சறுக்கிச் செல்லும் பலகை ஹவாய்த் தீவு மக்களின் பழம்பெரும் விளையாட்டுக் கருவி. இன்று பழைய அலைச்சறுக்குப் பலகைகளைத் தேடிச் சேர்ப்போர் பல நாடுகளிலும் உளர். கேட்பாரற்றுக் கிடந்த பலகை ஒன்று கிடைத்தால் அவர்கள் முதலில் அதன் உடலை ஆராய்வர். முழு மரமா, மெல்லிய பால்சா மரமா, செயற்கை நுரையா என்று பார்ப்பர். நுரையால் செய்த பலகைகள் 1950களின் இறுதியில்தான் பெருவழக்காயின. ஆதலால், நுரைப்பலகை ஒன்றைக் காட்டி, என் பாட்டனார் 1930இல் இதன்மேல் அலையேறினார் என்று ஒருவர் கூறினால், பலகையே அவரை மறுத்துவிடும். பொருளுக்கு நாவில்லை, ஆனால் அது பொய்யை ஏற்பதில்லை.

1885ஆம் ஆண்டு ஹவாய் அரச குடும்பத்து இளவரசர் மூவர் கலிபோர்னியாவில் மாணவராய் இருந்தனர். அவர்கள் சாந்தா குரூசு நகரக் கடலில் அலையேறி விளையாடினர். அந்நகரத்து ஏடு அச்செய்தியை அப்போதே வெளியிட்டது. அவர்தம் பலகைகள் அவ்வூரில் அறுக்கப்பட்ட ரெட்வுட் மரத்தால் ஆனவை. நெடுங்காலத்திற்குப் பின்னர், ஹொனலூலு நகரின் பிஷப் அருங்காட்சியகத்தில் இருந்த பழம்பலகைகள் இரண்டை ஆராய்ந்தோர், அவை அந்த இளவரசர்களுக்கு உரியவை எனக் கண்டனர். 2015ஆம் ஆண்டு அவை சாந்தா குரூசு நகருக்கே கொண்டுவரப்பட்டுக் காட்சிக்கு வைக்கப்பட்டன.

இதில் கற்கத்தக்கது என்ன? ரெட்வுட் கலிபோர்னியக் கரையோரத்தில் இயல்பாக வளரும் மரம். ஹவாயில் இயல்பாக வளர்வதன்று. ஆயினும் மரம் மட்டுமே முடிந்த சான்றாகிவிடாது. மரம் கப்பலேறி எங்கும் செல்லக்கூடியது. மரம் என்னும் காண்டலும், ஏட்டுச் செய்தி என்னும் உரையும், இரண்டையும் இணைக்கும் கருதலும் ஒன்றுபட்டபோதுதான் துணிவு பிறந்தது. ஒரு சான்றின் தோளில் முழுச் சுமையையும் ஏற்றாமை அறிவுடையோர் செயல்.

அலைமீது மரத்தைச் செலுத்துதல் தமிழனுக்குப் புதிதன்று. எடை குறைந்த மரங்களை அருகருகே வைத்துக் கயிற்றால் பிணைத்துக் கட்டுமரம் அமைத்தான் நெய்தல் நிலத்துப் பரதவன். அச்சொல் ஆங்கிலத்திலும் புகுந்தது. 1697இல் வெளிவந்த தம் பயண நூலில், வில்லியம் தாம்பியர் என்னும் ஆங்கிலக் கடலோடி சோழமண்டலக் கரையின் கட்டுமரத்தைப் பற்றி எழுதினார். இன்று ஆங்கிலத்தில் அப்பெயர் இரட்டை உடல் கொண்ட படகைக் குறிக்கின்றது. பிணைத்த மரத்தின் பெயர் பிரிந்து நிற்கும் இரு உடல்களுக்கு ஆகிவிட்டது! இதைக் கண்டு, உலகின் இரட்டைப் படகுகள் யாவும் தமிழன் தந்தவை என்று ஒருவர் முழங்கினால் அது மெய்யாகுமா? பசிபிக் தீவு மக்கள் தாமாகவே இரட்டைப் படகு கட்டிப் பெருங்கடல் கடந்தவர்கள். சொல் கடல் கடந்தது என்பது உண்மை. சொல் சென்ற இடமெல்லாம் பொருளும் சென்றது என்பது ஆசை. உண்மைக்கும் ஆசைக்கும் இடையே உள்ள கோட்டை அழிக்காமல் காப்பதே அறம்.

கப்பல் மணி

இந்த அறத்துக்குத் தமிழர் முன் வைக்கப்பட்ட பெருஞ்சோதனை ஒன்று நியூசிலாந்தில் இருக்கின்றது. 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் கிறித்தவ ஊழியர், அந்நாட்டின் வடபகுதியில் மவோரிப் பெண்கள் உருளைக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்த வெண்கலக் கலம் ஒன்றைக் கண்டார். உற்றுப் பார்த்தபோது அது கலமன்று, கவிழ்த்துப் பயன்படுத்தப்பட்ட மணி எனத் தெரிந்தது. அதன் விளிம்பு உடைந்திருந்தது. உடலைச் சுற்றிப் புரியாத எழுத்துகள் ஓடின. கொலென்சோ ஓர் இரும்புப் பாத்திரத்தைக் கொடுத்து மணியைப் பெற்றுக்கொண்டார். பெருங்காற்றில் சாய்ந்த மரம் ஒன்றின் வேரடியில் அது கிடைத்தது என்று மவோரியர் கூறினர். 1899இல் கொலென்சோ மறைந்தபின் மணி அந்நாட்டு அருங்காட்சியகத்துக்கு உரியதாயிற்று. இன்று வெலிங்டன் நகரின் தே பாபா அருங்காட்சியகம் அதைக் காத்து வருகின்றது.

அந்த எழுத்துகள் தமிழ் எழுத்துகள். முகைதீன் பக்சு என்பாரின் கப்பலுக்குரிய மணி என்பது அவற்றின் பொருள். தமிழ் வழங்கும் எந்நாட்டினின்றும் நெடுந்தொலைவில் இருக்கும் தீவில், கையளவே ஆன வெண்கலத்தின்மேல் தமிழ் எழுத்து! இதைக் கேட்கும் தமிழ் மாணவன் உள்ளம் சிலிர்க்கும். சிலிர்ப்பது இயல்பே, தவறன்று. ஆனால் சிலிர்ப்பு அடங்குமுன் நாக்கு முந்திவிடுகின்றது. ஐரோப்பியர் அறிவதற்கு முன்னரே தமிழர் நியூசிலாந்தைக் கண்டுவிட்டனர் என்று மேடையில் சொல்லப்பட்டுவிடுகின்றது. கைத்தட்டலும் எழுகின்றது.

மூன்று அளவைகளையும் கொண்டு மணியை அணுகினால் நிலை வேறாகும். மணியும் அதன் எழுத்தும் காண்டல். மரத்தின் வேரடியில் கிடைத்தது என்பது உரை. எவ்வாறு வந்தது, எப்போது வந்தது என்பனவெல்லாம் கருதல். எழுத்துகள் சிலவற்றின் பழைய வடிவைக் கொண்டு மணிக்கு ஐந்நூறு ஆண்டு அகவை கூறியோர் உளர். அது 17 அல்லது 18ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அண்மைக்காலத்தில் கருதுவோரும் உளர். தமிழர் கப்பல் ஒன்று அங்கே சென்றிருக்கலாம். கைவிடப்பட்ட கப்பல் நீரோட்டத்தில் மிதந்து சென்றிருக்கலாம். ஐரோப்பியக் கப்பல்களில் இந்தியக் கடலோடிகள் பலர் பணியாற்றினர். அத்தகைய கப்பல் ஒன்றில் வந்து கைமாறியும் இருக்கலாம். கப்பலுக்குரிய மணி என்றே எழுத்துச் சொல்கிறது. அக்கப்பல் அங்கே வந்தது என்று எழுத்துச் சொல்லவில்லை. மணி சொல்லாததை மணியின் வாயில் வைப்பவன் தமிழுக்குத் தொண்டு செய்பவன் ஆவானா?

இன்னொன்றும் கருதத்தக்கது. பெருமையைத் தேடி விரைந்தவர்கள், மணி உண்மையிலேயே சொல்வதைக் கேட்கத் தவறிவிட்டனர். அது சொல்வது சிறியதன்று. முகைதீன் என்பது இசுலாமியப் பெயர். தமிழக முசுலிம் வணிகர் ஒருவர், தம் கப்பலின் உடைமைக்கு அடையாளமிட எண்ணியபோது, தமிழ் எழுத்தையே பொறிக்கச் செய்தார். அரசர் ஆணையும் இல்லை. புலவர் பாட்டும் இல்லை. இது என் கப்பலின் மணி என்னும் எளிய வணிகச் செய்தி. சமயத்தைக் கடந்து, கடலைக் கடந்து, அன்றாட வாழ்வின் மொழியாகத் தமிழ் இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா? வெற்றிக்கொடி நாட்டிய கதையைவிட, ஒரு வணிகர் தம் பொருளுக்குத் தம் மொழியில் பெயரிட்ட கதை மாண்புடையது. அது மெய்யாகவும் இருக்கின்றது.

மவோரிப் பெண்கள் அம்மணியில் கிழங்கு அவித்ததை இகழ்ச்சியாகச் சொல்வோர் உண்டு. அவர்கள் கையில் உள்ள பொருளைத் தம் வாழ்வுக்குப் பயன்படுத்தினர், எறிந்துவிடவில்லை. அடுப்பில் இருந்த ஆண்டுகளும் மணியின் வரலாறே. ஒரு பொருளின் பழைமையைப் போற்றுவோர், அதைத் தொட்ட கைகளில் தம்மவர் கைகளை மட்டும் எண்ணி, பிறர் கைகளை விட்டுவிடுதல் நடுவுநிலைமை ஆகாது.

கிள்ளான் மண்ணின் மணி

நெடுந்தொலைவில் உள்ள மணியைப் பற்றி இவ்வாறு நியாயம் பேசுவது எளிது. கிள்ளான் மண்ணிலிருந்தே ஒரு மணி கிடைத்திருக்கிறது. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழைமை கொண்ட அந்த வெண்கல மணி இன்று இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளது. கிள்ளான் மணி என்றே அறிஞர் அதை அழைக்கின்றனர். அதை ஒத்த மணிகள் கம்போடியாவிலும் கிடைத்துள்ளன. கிள்ளானுக்குத் தெற்கே பந்திங் வட்டாரத்துக் கம்போங் சுங்கை லாங்கில், மரப்பலகை ஒன்றின்மேல் வைக்கப்பட்டிருந்த பழங்கால வெண்கல முரசங்கள் இரண்டு 1964ஆம் ஆண்டு வெளிப்பட்டன.

கிள்ளான் மணியில் எழுத்து இல்லை. அதை வார்த்தவர் பேசிய மொழியை அது சொல்லவில்லை. இந்த ஆற்றங்கரையில் இன்று வாழும் மலாயரும் சீனரும் இந்தியரும் வரிசையில் நின்று, இது எம் முன்னோருடையது என்று கேட்டால், மணி எவரையும் சுட்டிக்காட்டாது. ஓர் ஊரின் மிகப் பழைய பொருள் அவ்வூரில் இன்றுள்ளோர் எவருக்கும் தனியுரிமை தரவில்லை. ஆனால் எல்லாரையும் தனக்குப் பின் வந்தவர்களாக ஆக்கிவிடுகின்றது. இது வருந்தத்தக்கதா? அன்று. யார் முதலில் வந்தார் என்னும் வழக்கில் அண்டை வீட்டார் மோதிக்கொள்ளும் போதெல்லாம், அந்த எழுத்தில்லா மணியை நினைத்துக்கொள்வது நலம். தன்னுடையது அல்லாத பொருளையும் தன் ஊரின் பொருள் என்று காக்க முற்படுபவனே நாகரிகம் உடையவன்.

மலேசியச் சட்டமும் இதையே வேண்டுகின்றது. பண்பாட்டு மரபுச் சிறப்புடையது என்று கருதத்தக்க பொருளைக் கண்டெடுப்பவர் உடனே மரபுடைமை ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டும் என்று 2005ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் விதிக்கின்றது. எவருடைய முன்னோரின் பொருள் என்று சட்டம் கேட்கவில்லை. கண்டவன் கடமையை மட்டுமே அது சொல்கின்றது.

எளியோருக்கு இவ்விதி பொருந்துமா?

இங்கே வலிமையான மறுப்பு ஒன்று எழக்கூடும். ஆவணமும் அருங்காட்சியகமும் உடையவர்களுக்கு இத்தகைய கண்டிப்பு பொருந்தும். காட்டை அழித்துத் தோட்டம் ஆக்கியவர்களுக்கு ஆவணம் ஏது? அவர்கள் பெயர்கள் கூலிப் பதிவேட்டில் இருந்தன. பதிவேடுகளைத் துரைமார் வைத்திருந்தனர். எழுதப்படாத மக்களிடம் எழுத்துச் சான்று கேட்பது மேலும் ஓர் அநீதி அன்றோ? அவர்களுக்கு எஞ்சியிருப்பது சிறிது பெருமை. அதையும் அளவைகளால் அளந்து பறிக்க வேண்டுமா?

இம்மறுப்பில் நியாயம் உண்டு. ஆதலின் இதற்கு விடை நேர்மையாக அமைய வேண்டும். முதலாவதாக, உரையும் அளவைகளுள் ஒன்று. பாட்டியின் சொல் சான்றன்று என எவரும் தள்ளிவிட முடியாது. அதைக் கேட்டுப் பதிவு செய்யாதவனே குற்றவாளி. இரண்டாவதாக, சான்று குறைந்தவனுக்கே நேர்மை மிகுதியாகத் தேவைப்படுகின்றது. செல்வன் ஒரு கள்ளக்காசு கொடுத்தால் அவனுடைய மற்றைக் காசுகள் அவனைக் காக்கும். ஏழை ஒரு கள்ளக்காசு கொடுத்துவிட்டால் அவன் மடியிலுள்ள நல்ல காசும் ஐயத்துக்கு ஆளாகும். பொய்யான ஒரு பெருமை அம்பலமாகும் நாளில், மெய்யான நூறு துன்பங்களையும் உலகம் நம்ப மறுத்துவிடும்.

மூன்றாவதாக, மெய்யான வரலாறு சிறியது என்னும் எண்ணமே தவறு. தென் தாய்லாந்தின் குளோங் தோம் என்னும் ஊரில் ஒரு சிறு கல் பாதுகாக்கப்படுகின்றது. அதில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ‘பெரும்பதன் கல்’ என்று பொறித்திருக்கிறது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டினது என்பர். பொன்னை உரைத்து மாற்றுக் காணும் உரைகல் அது. பதன் என்பது பொற்கொல்லரைக் குறிக்கும் பத்தன் என்னும் சொல்லே என அறிஞர் கொள்வர். படையும் முடியும் அக்கல்லில் இல்லை. ஒரு தொழிலாளி தன் கருவியில் தன் பெயரைப் பொறித்து வைத்தான், அவ்வளவே. ஆயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் கடாரமும் கலிங்கமும் வென்ற வேந்தர்களின் கல்வெட்டோடு ஒரு தொழிலாளியின் கருவியும் வரலாற்றில் நிற்கின்றது. தோட்டத் தொழிலாளியின் பெட்டியில் எழுதிய பெயருக்கு இதைவிட மேலான முன்னோடி எங்கே கிடைக்கும்?

பெட்டி சொல்லும் விடை

வாசலில் எஞ்சிய தகரப்பெட்டிக்குத் திரும்பலாம். அதை வணிகரிடம் கொடுக்காமல் நிறுத்திய ஒரு பேரனை எண்ணிப் பார்க்கலாம். அவன் பாட்டியைக் கேட்கிறான். தாத்தா 1920ஆம் ஆண்டு ரஜூலா கப்பலில் இந்தப் பெட்டியோடு வந்தார் என்கிறாள் பாட்டி. குடும்பம் முழுவதும் அறிந்த செய்தி அது. திருமண வீட்டிலும் இழவு வீட்டிலும் பலமுறை சொல்லப்பட்ட செய்தி.

பேரன் நூல்களைப் புரட்டுகிறான். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்கு, சுவெட்டன்ஹாம் துறைமுகம், சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்குத் தமிழரை ஏற்றிவந்த ரஜூலா 1926ஆம் ஆண்டுதான் கடலில் இறக்கப்பட்டது. கிள்ளான் துறைமுகம் என்னும் இன்றைய பெயரை அத்துறைமுகம் பெற்றது 1972இல். 1920இல் ரஜூலா என்று ஒரு கப்பலே கடலில் இல்லை. பாட்டியின் சொல் பிழையாயிற்று. இப்போது அவன் என்ன செய்ய வேண்டும்?

பாட்டி சொன்னது போதும், அதுவே வரலாறு என்று எழுதிவிடலாம். அது அன்பு, ஆனால் மெய்யன்று. பாட்டி பொய் சொல்கிறாள் என்று எள்ளி நகைக்கலாம். அது கல்வியின் செருக்கு, அதுவும் மெய்யன்று. முதியோர் சொல்லில் முரண் தோன்றினால், அம்முரணுக்குள் ஏதோ ஒன்று மறைந்திருக்கிறது என்று கொண்டு மேலும் கேட்பவனே நன்மாணவன். ஆண்டும் மெய், கப்பலும் மெய் என்றால் எவ்வாறு பொருந்தும்? தாத்தா இரு முறை வந்திருந்தால் பொருந்தும்.

வரலாறு இங்கே ஒரு கதவைத் திறக்கின்றது. 1930ஆம் ஆண்டை அடுத்து உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை வீழ்ந்தது. மலாயாத் தோட்டங்களில் வேலையிழந்த இந்தியத் தொழிலாளர் பெருந்தொகையாகத் தாயகத்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். 1934இல் ஆட்சேர்ப்பு மீண்டும் தொடங்கியது. தொழிலாளர்க்கு உதவியளித்து அனுப்பும் முறையை 1938இல் இந்திய அரசு தடுத்தது. 1920இல் வந்தவர் திருப்பி அனுப்பப்பட்டு, இடைப்பட்ட ஆண்டுகளில் ரஜூலாவில் மறுபடியும் வந்திருக்கக்கூடும். இது கருதல், காண்டல் அன்று. ஆனால் இந்தக் கருதலோடு அவன் பாட்டியிடம் மீண்டும் செல்லலாம். தாத்தா இடையில் ஒரு முறை ஊருக்குப் போனாரா பாட்டி, என்று மெல்லக் கேட்கலாம்.

அக்கேள்விக்குப் பாட்டி என்ன விடை தருவாள் என்பதை எவரும் முன்னரே எழுதிவிட முடியாது. அவள் பேசலாம், பேசாமலும் இருக்கலாம். வேண்டாதவராய்த் திருப்பி அனுப்பப்பட்ட நாள்களை ஒரு குடும்பம் பேசாமல் விட்டிருப்பது வியப்பன்று. இரு பயணங்களை ஒரு பயணமாகச் சுருக்கி, நடுவே இருந்த அவமானத்தை நினைவு தானே மறைத்திருக்கலாம். அங்கே பேரனுக்கு இறுதிச் சோதனை காத்திருக்கிறது. அறியும் உரிமை அவனுக்கு உண்டு. ஆனால் முதியவளின் புண்ணைக் கிளறும் உரிமை அவ்வுரிமைக்குள் அடங்காது. அவள் சொல்லும்வரை காத்திருத்தலும், சொல்லாவிடில் அந்த இடத்தை வெற்றிடமாகவே விட்டு வைத்தலும் மெய்யறிதலின் பகுதிகளே. வெற்றிடத்தைக் கற்பனையால் நிரப்பாமை பொருளுக்குச் செய்யும் அறம். வற்புறுத்தி நிரப்பாமை மனிதருக்குச் செய்யும் அறம்.

அவள் சொல்லிவிட்டாலோ, அந்த அவமானம் அவர்களுடையது அன்று என்பதைப் பேரன் அவளுக்கு உணர்த்தலாம். விலை வீழ்ந்தபோது மனிதரைத் திருப்பி அனுப்பியவர்களுக்கே அது உரியது. ஒரு முறை விரட்டப்பட்டும் மறுமுறை வந்து மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய மனிதரின் பெட்டி, ஒரே முறை வந்தவரின் பெட்டியைவிட மதிப்புடையது அன்றோ!

தமிழாசிரியர்கள் மாணவருக்கு இப்பயிற்சியைத் தரலாம். வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றைத் தேர்ந்துகொள்ளச் செய்யலாம். அம்மிக்கல்லாகலாம், பால்மரம் சீவும் கத்தியாகலாம், பித்தளை விளக்காகலாம். ஏட்டில் மூன்று பத்திகள் வரைந்து, கண்டது, கேட்டது, கருதியது எனத் தனித்தனியே எழுதச் செய்யலாம். கருதியது கண்டதன் பத்திக்குள் புகாமல் காக்கக் கற்ற மாணவன், பின்னாளில் வதந்தியை நம்பி அண்டை வீட்டானைப் பகைக்க மாட்டான். மேடை முழக்கத்துக்கு மயங்க மாட்டான். தன் இனத்தைப் புகழ்வதற்காகப் பிற இனத்தின் பங்கை மறைக்கவும் மாட்டான்.

உரைகல் பொன்னைச் சோதிக்கும். பழம்பொருளோ அதைக் கையில் எடுப்பவனின் உள்ளத்தைச் சோதிக்கின்றது. பெட்டியின் மூடியில் பாதி அழிந்த பெயர் இருக்கிறது. எஞ்சிய எழுத்துகளை எஞ்சியவாறே படித்து, அழிந்த எழுத்துகளை அழிந்தன என்றே எழுதி வைப்பவன், பெயருக்கு உரியவரை ஒரு முறை மதித்தவன் ஆகிறான். தம் வாழ்நாளில் அம்மதிப்பைப் பெறாமலே மறைந்த மனிதர்களுக்கு, பின்வந்தோர் செலுத்தக்கூடிய கடன் அதுவே.